காற்று சொன்னால் மட்டும்



எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு மாதத் தாள் 15 ஆண்டுகள் ஒட்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர். ஒரு பயண நிறுவனம் இலவசமாகக் கொடுத்த காலண்டரில் இருந்து கிழித்தது. தேதிக் கட்டங்களுக்கு மேலே ஒரு படம். கருநீலக் கடலுக்குள் காலை ஊன்றி நிற்கும் ஒரு பெரிய பாறை வளைவு. அதன் நடுவே வானம். மத்திய தரைக்கடலில் மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ என்ற தீவு அது. உலகம் அந்தப் பாறையை 'அஷூர் விண்டோ' என்றது. தீவுக்காரர்கள் தங்கள் மொழியில் 'த்வெய்ராவின் ஜன்னல்' என்றார்கள்.

"பத்தாவது கல்யாண நாளுக்கு இங்க போறோம். படகுல தீவைச் சுத்தி வர்றோம்" என்று சொல்லித்தான் என் கணவர் அந்தத் தாளை ஒட்டினார். 1999 ஆவணியில் கல்யாணம் ஆன எங்களுக்கு அது பத்தாவது ஆண்டு.

போகவில்லை. அந்த ஆண்டு அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு வீட்டுக் கடன். பிறகு மகளின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரிச் சேர்க்கை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நான்தான். பத்திரிகையில் இருப்பவர்களுக்குச் செப்டம்பர் என்றால் தீபாவளி மலர். கட்டுரை வரவில்லை, ஓவியம் வரவில்லை, விளம்பரப் பக்கம் நிறையவில்லை என்று இரவும் பகலும் ஓடும் மாதம். "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாங்க" என்று நான் சொல்வேன். அவரும் தலையாட்டுவார்.

2017 மார்ச் 8. அன்று காலை கோசோவில் வீசிய புயலில் அந்தப் பாறை வளைவு இடிந்து கடலுக்குள் விழுந்தது. சுமார் 28 மீட்டர் உயரம் நின்ற சுண்ணாம்புக்கல். வளைவு மட்டுமல்ல, அதைத் தாங்கி நின்ற தூணும் போய்விட்டது. செய்தியைப் படித்ததும் நான் சுவரைப் பார்த்தேன். "படத்தை எடுத்துடலாமாங்க?" என்று கேட்டேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும். தீவு இருக்குல்ல?"

2024இல் 25ஆவது ஆண்டு வந்தது. எங்கள் மலர்க்குழுவில் இருக்கும் இளையவர்கள் ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றார்கள். "மேடம், இந்த வருஷம் மலரை நாங்க பாத்துக்கறோம். நீங்க சாரோட கிளம்புங்க." கிளம்பிவிட்டோம். அந்த மலரைப் பாராட்டி நீங்கள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அவர்களுக்குச் சேர வேண்டியவை. அதைச் சொல்ல இன்றுதான் இடம் வாய்த்தது.

துபாய் வழியாகப் போய், சைப்ரசில் விமானம் ஒரு முறை இறங்கி ஏறி, மால்டா. முழு நாடும் 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி எல்லை அதைவிடப் பெரியது. மால்டா, கோசோ, இரண்டுக்கும் நடுவில் கோமினோ என மக்கள் வாழும் தீவுகள் மூன்று. வடக்கே சிசிலி. இந்தத் துண்டு நிலத்துக்காகச் சண்டை போடாதவர்கள் குறைவு. பீனீசியர், ரோமர், அரபியர், நார்மன்கள், செயின்ட் ஜான் வீரத்துறவிகள், நெப்போலியனின் படை, கடைசியில் ஆங்கிலேயர். 1964 செப்டம்பர் 21இல் விடுதலை. மொழிதான் எனக்குப் பெரிய வியப்பு. அரபியின் வேரில் முளைத்து, இத்தாலியச் சொற்களை வாரி எடுத்துக்கொண்டு, ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி. கத்தோலிக்க மாதாகோவிலில் கடவுளை 'அல்லா' என்று அழைக்கிறார்கள். வாசலில் 'மெர்ஹபா' என்று வரவேற்கிறார்கள்.

நாங்கள் வல்லெட்டாவில் இறங்கிய மறுநாள் செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கே வெற்றித் திருநாள். 1565இல் உதுமானியப் பெரும்படையின் முற்றுகை முடிவுக்கு வந்ததைக் கொண்டாடும் நாள். அந்த முற்றுகைக்கு அடுத்த ஆண்டு அடிக்கல் நாட்டிய நகரம்தான் வல்லெட்டா. அன்று பெருந்துறைமுகத்தில் படகுப் போட்டி. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் ஆளுக்கொரு வண்ணத்தில் இறங்குகின்றன. கோட்டைச் சுவர் முழுக்க ஜனம். துடுப்பு போடுகிறவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்தும் பாதிப்பேர் நின்றும் போடுகிறார்கள். பாட்டிகள் கைக்குட்டையை வீசிக் கத்துகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே நானும் கத்தினேன்.

'டைசா' என்று ஒரு சிறிய படகு உண்டு. முன்னும் பின்னும் மூக்கு உயர்ந்து நிற்கும். ஒரு காலத்தில் நங்கூரமிட்ட கப்பல்களில் இருந்து மாலுமிகளைக் கரைக்குக் கொண்டுவந்த துடுப்புப் படகு. இப்போது சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். சில யூரோவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்கு ஊருக்குப் போய் வரலாம். அதில் போகும்போதுதான் அந்தப் பெரிய கப்பலைப் பார்த்தோம். சிசிலியின் பொசால்லோவுக்கு 1 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேரும் விரைவுக் கப்பல். 110 மீட்டர் நீளம், இரட்டை உடல். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் கட்டியது. படகுக்காரர் அதைக் காட்டி, "கேட்டமரான்" என்றார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எங்க சொல்லு. கட்டுமரம்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கிவிட்டார். மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டும் நம் கட்டுமரத்துக்கும் அந்த அலுமினிய மாளிகைக்கும் அமைப்பில் உறவு இல்லைதான். ஆனால் சோழமண்டலக் கரையில் பிறந்த சொல் அத்தனை தூரம் போய் அந்தத் துறைமுகத்தில் நின்றது.

என் கணவர் மரக்காணத்துக்காரர். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். வங்கி வேலை கிடைத்து 22 வயதில் ஊரைவிட்டு வந்தார். சேலம், நாமக்கல், ஈரோடு என்று எல்லாமே கடல் இல்லாத ஊர்கள். நான் அறிந்தவர் கண்ணாடி அணிந்து, கடன் விண்ணப்பங்களை வரிவரியாகப் படிக்கும் மேலாளர். இதைச் சொல்லாமல் இனிச் சொல்வது புரியாது.

மால்டாவின் வடமுனையில் சிர்கேவ்வா என்ற துறை. அங்கிருந்து கோசோவுக்கு 25 நிமிடப் படகுப் பயணம். ஏறும்போது யாரும் சீட்டுக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, கோசோவின் இம்ஜார் துறையில்தான் இரண்டு வழிக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். போனவர்கள் எப்படியும் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்!

இம்ஜாரில் எங்களுக்காக ஒரு 'லுட்சு' பேசி வைத்திருந்தோம். மால்டாவின் பாரம்பரிய மீன்பிடிப் படகு. நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம். முன்மூக்கின் இரு பக்கமும் செதுக்கி எழுதிய கண்கள். கெட்டதை விரட்டி, கடலில் வழி பார்க்கும் கண்கள் என்பது நம்பிக்கை. பீனீசியர் காலத்து வழக்கம் என்கிறார்கள். படகுக்காரர் 60 வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. துறைமுகச் சுவரில் நின்று கொடி பறப்பதைப் பார்த்தார். "மஜ்ஜிஸ்த்ரால்" என்றார். வடமேற்குக் காற்று. இன்று தீவைச் சுற்ற முடியாது, நாளை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. 15 ஆண்டு தள்ளிப்போட்டு வந்து இங்கேயும் நாளைக்கா? ஆனால் என் கணவர் உடனே சரி என்றார். "காத்து சொன்னா கேட்டுக்கணும். மத்த யார் சொன்னாலும் யோசிக்கலாம்." நாங்கள் இத்தனை ஆண்டு சொன்ன காரணங்களை அன்றிரவு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அத்தையின் முழங்கால் தவிர எதுவுமே காற்று சொன்ன காரணம் இல்லை.

அன்றைய பகலில் பேருந்து ஏறி வடகரையில் ஷ்வெய்னி உப்பளத்துக்குப் போனோம். கடலோரச் சுண்ணாம்புப் பாறையிலேயே கட்டம் கட்டமாக வெட்டிய பாத்திகள். பார்வை போகும் தூரம் வரை சதுரங்கப் பலகை போலக் கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் கோடையில் கடல்நீரை விட்டு, வெயிலில் வற்றவைத்து, உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கின்றன. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாத்தியின் ஓரம் குந்தினார். விரலால் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். "எங்க ஊர்ல மண்ணுப் பாத்தி. தண்ணி விடறதுக்கு முன்னாடி நாள் கணக்கா மிதிக்கணும். அப்பா மிதிக்கறப்ப நானும் கூடவே மிதிப்பேன். இவங்களுக்குப் பாறையே பாத்தி. குடுத்து வெச்சவங்க." அவர் உப்புப் பாத்தி மிதித்த செய்தியை நான் முதல் முறையாகக் கேட்டது அன்றுதான். கல்யாணமாகி 25 ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு கண்டத்தில்.

மாலையில் ஜிகாந்தியா கோவில்கள். கி.மு. 3600 அளவில் கட்டத் தொடங்கியவை. எகிப்தின் பிரமிடுகளுக்கு மூத்தவை. தோளில் குழந்தையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மொச்சையும் தேனும் மட்டுமே உண்ட ஒரு அரக்கி அந்தக் கற்களைச் சுமந்து வந்து கட்டினாள் என்பது தீவின் கதை. கைக்குழந்தையோடு வேலை பார்த்த எந்தப் பெண்ணும் அந்தக் கதையை நம்புவாள்.

மறுநாள் காற்று தணிந்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

தீவைக் கரையில் நின்று பார்த்தால் ஊர், கோவில், கடை எல்லாம் தெரியும். படகில் இருந்து பார்த்தால்தான் அதன் உடம்பு தெரிகிறது. தேன் நிறத்தில் அடுக்கடுக்கான பாறை. நடுவில் களிமண் சரிவு. எந்த வீடும் இல்லாத நீண்ட நீண்ட சுவர்கள். கிழக்கே திரும்பியதும் ரம்லா விரிகுடா, செம்மண் நிறத்தில் மணல். அதற்கு மேலே உள்ள குகையில்தான் கலிப்சோ என்ற தேவதை ஒடிசியஸை ஏழு ஆண்டு பிடித்து வைத்திருந்தாள் என்று கோசோக்காரர்கள் சொல்கிறார்கள். ஹோமர் பாடிய ஒகீஜியா தீவு வேறெங்கோ என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கு முக்கியமாகப் படவில்லை. சாகாவரம் தருகிறேன், என்னோடு இரு என்று கலிப்சோ சொல்கிறாள். அவனோ கரையில் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் மனைவி பெனலப்பியை நினைத்து அழுகிறான். நான் அதைச் சொன்னபோது என் கணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வருஷம் ஒண்ணும் பெருசு இல்ல" என்றார்.

அன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். பிறகு படகின் பின்பக்கம் போய்ப் படகுக்காரர் அருகில் நின்றுகொண்டார். இவருக்கு மால்டீஸ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவான ஆங்கிலமும் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கையால் பேசினார்கள். அவர் வானத்தின் ஒரு மூலையைக் காட்டி "மஜ்ஜிஸ்த்ரால்" என்றார். இவர் வடக்கைக் காட்டி "வாடை" என்றார். அவர் வடகிழக்கைக் காட்டி "கிரிகால்". இவர் கிழக்கைக் காட்டி "கொண்டல்". அவர் தென்கிழக்குக்கு "ஷ்லோக்". இவர் மேற்குக்குக் "கச்சான்". ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் பம்பரம் மாற்றிக்கொள்வதைப் போல இருந்தது.

வடக்கே ஓரிடத்தில், தூரத்துக் கடலில் தென்னங்கீற்று மாதிரி ஏதோ மிதந்தது. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை மால்டாக்காரர்கள் 'லம்பூகி' மீன் பிடிக்கும் பருவம். பனை இன ஓலைகளைக் கட்டி, கல்லை நங்கூரமாக்கி மிதக்க விடுகிறார்கள். வெயிலுக்கு ஓலை நிழல் தேடி மீன் கூட்டமாக வந்து நிற்கும். பிறகு சுற்றி வலையிடுவார்கள். படகுக்காரர் இதைக் கையாலேயே நடித்துக் காட்டி முடிப்பதற்குள் என் கணவர் என்னிடம் திரும்பினார். "எங்க பக்கமும் தென்னமட்டையப் போட்டுக் கணவா பிடிப்பாங்க. ஸ்கூல்ல கூடப் படிச்சவனோட அப்பா என்னையும் மரத்துல ஏத்திட்டுப் போவாரு. பதினஞ்சு வயசுல. அப்பாவுக்குத் தெரிஞ்சு, கடலுக்குப் போனா படிப்பு போயிரும்னு அடிச்சாரு. அதோட சரி."

அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலண்டர் தாளை ஏன் கிழித்து ஒட்டினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாறைக்காக இல்லை. 'படகுல தீவைச் சுத்தி வர்றோம்' என்றாரே, அதற்காக. பத்தாவது ஆண்டிலேயே வந்திருந்தால் இந்த மனிதரை எனக்கு 15 ஆண்டு முன்பே தெரிந்திருக்கும். அந்த 15 ஆண்டை எந்த மலர் இதழும் எனக்குத் திருப்பித் தராது.

மதியம் த்வெய்ராவை அடைந்தோம். பாறைச் சுவருக்கு உள்ளே ஒரு சிறு குளம் மாதிரிக் கடல். 'உள்நாட்டுக் கடல்' என்று பெயர். அதற்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஏறக்குறைய 80 மீட்டர் நீள இயற்கைக் குகை. சின்னப் படகுகள் அதன் வழியே போய் வருகின்றன. இருட்டுக்குள் தண்ணீர் மட்டும் நீலமாக எரிகிறது. பக்கத்தில் தனித்து நிற்கும் பெரும் பாறையில் முளைக்கும் ஒரு செடி இரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பி, செயின்ட் ஜான் வீரத்துறவிகள் அதற்குக் காவல் போட்டிருந்தார்கள். 1746இல் அனுமதி இல்லாமல் அங்கே ஏறக் கூடாது என்றே உத்தரவு.

ஜன்னல் இருந்த இடத்தில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். என் கணவர் பையில் இருந்து மடித்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். சுவரிலிருந்து அதை எப்போது உரித்தார் என்று எனக்குத் தெரியாது. படகுக்காரர் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் காற்றில் வளைவை வரைந்தார். இங்கே தூண், அங்கே மேல்பாறை. அதன் அடியில் எத்தனை முறை வலை போட்டிருக்கிறார் என்று விரல்விட்டு எண்ண முயன்று, கையை உதறிவிட்டார். பிறகு கீழே காட்டினார். தெளிந்த தண்ணீருக்கடியில் வெளிறிய பாறைத் துண்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. இப்போது உலகெங்கும் இருந்து முக்குளிப்பவர்கள் அந்தப் பாறைகளைப் பார்க்க வருகிறார்கள். மீன்கள் குடியேறிவிட்டன.

நாங்கள் மூவரும் அங்கே எதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஷ்லென்டி, பிறகு தெற்கே தாசென்ச் செங்குத்துச் சுவர்கள். அதன் நிழலில் படகைக் கட்டிச் சாப்பிட்டோம். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, கேப்பர் மொட்டும் ஆட்டுப்பால் கட்டியும் வைத்த 'ஹோப்ஸ்பிஸெய்த்'. பட்டாணி வைத்த 'பஸ்திஸ்ஸி'யும் எங்கும் கிடைக்கும். கோமினோவுக்கும் ஒரு நாள் போனோம். மால்டீஸில் அதன் பெயர் 'கெம்மூனா', சீரகம் என்று பொருள். அங்குள்ள நீலக் காயலின் நிறத்தை எந்தப் படமும் பிடித்ததில்லை. ஆனால் கூட்டமும் இரைச்சலும் தாங்கவில்லை. ஒரே நேரத்தில் அத்தனை பேரை அந்தச் சிறு தீவு சுமக்காது. 2025இலிருந்து முன்பதிவு செய்தவர்களை மட்டும் அளவாக விடுகிறார்கள். நல்ல முடிவு.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விசா வேண்டும். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். நடு ஆகஸ்டில் போகாதீர்கள். படகுக்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்காக. உயிர்காப்பு அங்கியைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

செலவு அதிகம்தான், மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டு சேர்த்த பணம். எல்லோருக்கும் அது முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு போகிறது. கன்னியாகுமரியில் இருந்து பாறைக்குப் படகு போகிறது. அவரோடு அல்லது அவளோடு ஒரு பகல் தண்ணீரில் போய் வாருங்கள். பக்கத்தில் இருப்பவர் படகில் எங்கே போய் நிற்கிறார், எதைப் பார்த்து நிமிர்கிறார் என்று கவனியுங்கள்.

உங்கள் வீட்டுச் சுவரிலோ, பீரோ கதவின் உட்புறத்திலோ, கைப்பேசியிலோ ஒரு படம் இருக்கும். 'அடுத்த வருஷம்' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, இருவரும் உட்கார்ந்து ஒரு தேதியைக் குறியுங்கள். குறித்த தேதியை எங்களுக்கும் எழுதுங்கள். போய் வந்த பிறகு இன்னொரு கடிதம் போடுங்கள். அவற்றுக்காக அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்